யாரால்?

பள்ளிக்கூடத்தில் ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றச் சொல்லித் தரும்போது, பிள்ளைகள் முதலில் படிப்பது இடமாற்றத்தை. செயப்படுபொருள் வாக்கியத்தின் முதலுக்கு வரும். வினைக்கு முன்னால் ‘ஈஸ்’, ‘வாஸ்’, ‘வேர்’ என்று ஒரு துணைவினை சேரும். வினை தன் மூன்றாம் வடிவத்துக்கு மாறும். அதுவரை முதலில் நின்ற எழுவாய் ‘பை’ என்ற சொல்லோடு கடைசிக்குப் போகும். ‘ராமன் கடிதம் எழுதினான்’ என்பது ‘கடிதம் ராமனால் எழுதப்பட்டது’ ஆகிவிடும். இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்று ஆசிரியர் சொல்வார். பாடத்தின் முடிவில் ஒரு சலுகையும் உண்டு. செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ சொல்லத் தேவையில்லை என்றாலோ ‘பை’யோடு வரும் பகுதியை விட்டுவிடலாம். ‘யாரோ என் பேனாவைத் திருடிவிட்டார்கள்’ என்பதை ‘என் பேனா திருடப்பட்டது’ என்று எழுதினால் போதும், மதிப்பெண் குறையாது.

அந்தச் சலுகைக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஆங்கிலத்தில் செய்வினை வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்பது அரிது. செயப்பாட்டு வினையோ செய்தவனை இழந்த பிறகும் முழு வாக்கியமாகவே நிற்கிறது. செயல் நடந்திருக்கிறது, செய்தவனைக் காணோம். இப்படி ஒரு நிலை உலகத்தில் உண்மையிலேயே உண்டா, அல்லது இலக்கணத்தில் மட்டும்தானா? ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் விசுத்திமக்கம் என்னும் பௌத்த நூலை எழுதிய புத்தகோசர், உண்டு என்றே சொன்னார். வினை இருக்கிறது, வினை செய்பவன் என்று தனியாக ஒருவன் இல்லை என்பது அவர் முடிவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சமயவாதிகள் மோதிக்கொண்ட இடம் இது. இதை எந்தப் பரபரப்பும் இல்லாமல் நாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பயிற்சியாகக் கொடுக்கிறோம்.

அந்தச் சலுகையை அதிகம் பயன்படுத்தியவர்கள் அரசியல்வாதிகள். அமெரிக்க அதிபர் யுலிசிஸ் கிராண்ட் 1876 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய கடைசி ஆண்டுச் செய்தியில், தவறுகள் செய்யப்பட்டிருக்கின்றன என்று எழுதினார். அதைத் தாம் ஒப்புக்கொள்வதாகவும் சேர்த்துக்கொண்டார். ஆனால் தவறு பெரும்பாலும் நியமிக்கப்பட்ட உதவியாளர்களைத் தேர்ந்ததில்தான் என்று அடுத்தே சொன்னார். 1987 ஜனவரி 27 அன்று அதிபர் ரொனால்ட் ரீகன் ஆற்றிய உரை இன்னும் கூர்ந்து படிக்க வேண்டியது. ஈரானோடு நடந்த ரகசிய ஆயுத பேரம் அம்பலமாகியிருந்த நேரம். ஈரான் விஷயத்தில் தாம் ஒரு துணிச்சலான முயற்சியில் இறங்கியதாகவும், அது பலிக்கவில்லை என்றும், அதற்கு முழுப் பொறுப்பும் தமதே என்றும் செய்வினையில், ‘நான்’ என்றே சொன்னார். சில வரிகள் கழித்து, கடுமையான தவறுகள் செய்யப்பட்டன என்று செயப்பாட்டு வினைக்கு மாறினார். துணிந்தவர் பெயரோடு நிற்கிறார், தவறு செய்தவர்கள் வாக்கியத்தில் எங்கும் இல்லை. ஒரே உரையில் இரண்டு வாய்ஸ்களும் அடுத்தடுத்து வருவதால், பொருள் ஒன்றே என்ற வகுப்பறை விதி எங்கே உடைகிறது என்பதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

இதற்காகச் செயப்பாட்டு வினையையே குற்றவாளி ஆக்குவது நியாயமாகாது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய கட்டுரையில், செய்வினையால் சொல்ல முடிந்த இடத்தில் செயப்பாட்டு வினை வேண்டாம் என்று விதி வகுத்தார். அரசியல் எழுத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் வேதநூல்களைத் திறந்தால், செய்தவனை விட்டுவிடுவதற்கு முற்றிலும் வேறான ஒரு காரணம் தெரிகிறது.

திருக்குர்ஆனின் 72-ஆம் அத்தியாயத்தில், பத்தாவது வசனத்தில், கண்ணுக்குப் புலப்படாத உயிர்களான ஜின்கள் பேசுகின்றன. பூமியில் உள்ளவர்களுக்குத் தீமை நாடப்பட்டிருக்கிறதா, அல்லது அவர்களுடைய இறைவன் அவர்களுக்கு நன்மையை நாடியிருக்கிறானா என்பது தங்களுக்குத் தெரியாது என்கின்றன. அரபு மூலத்தில் தீமைக்கான வினை செயப்பாட்டில் இருக்கிறது, நாடியவன் பெயர் இல்லை. நன்மைக்கான வினை செய்வினையில் இருக்கிறது, இறைவன் எழுவாயாக வருகிறான். பதினான்காம் நூற்றாண்டு விரிவுரையாளர் இப்னு கஸீர் இதைக் கவனித்து, இது பேச்சில் காட்டிய நல்லொழுக்கம் என்று எழுதினார். திருக்குர்ஆனின் முதல் அத்தியாயத்திலும் இந்த முறை உண்டு. அருள் செய்தவன் ‘நீ’ என்று நேராக அழைக்கப்படுகிறான், கோபத்துக்கு ஆளானவர்களைச் சொல்லும் இடத்தில் கோபித்தவன் சொல்லப்படவில்லை.

மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவில் துயரப்படுகிறவர்களுக்கு ஆறுதல் வாக்களிக்கப்படும் இடத்தில் கிரேக்க வினை செயப்பாட்டு வினை. ஆறுதல் தருபவர் யாரென்று சொல்லப்படவில்லை. கேட்ட யூதர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். இறைவனின் பெயரை வாயில் எடுக்கத் தயங்கிய மரபில் வளர்ந்தவர்கள் அவர்கள். விவிலிய அறிஞர்கள் இதற்கு ‘தெய்விகச் செயப்பாட்டு வினை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, செய்தவனை வாக்கியத்திலிருந்து எடுப்பதற்குப் பயம் ஒரு காரணம், பக்தி இன்னொன்று. வாக்கியத்தின் வடிவம் இரண்டுக்கும் ஒன்றுதான். எது எது என்று எப்படிப் பிரித்தறிவது?

இதற்கு நம் பக்கத்து இலக்கணிகள் உதவுகிறார்கள். வடமொழி இலக்கணி பாணினியின் விதிப்படி, வினைச்சொல் செய்பவனாகிய கர்த்தாவைக் குறிக்காத வாக்கியத்தில் கர்த்தா மூன்றாம் வேற்றுமை ஏற்கும். கருவிக்கும் அதே மூன்றாம் வேற்றுமைதான். இந்த ஒரு சூத்திரத்துக்குப் பாணினியின் விதிகளை விளக்கும் கௌமுதி நூல்கள் காட்டும் உதாரணம், ராமனால் அம்பால் வாலி கொல்லப்பட்டான் என்னும் பொருளுடையது. எய்தவனும் எய்யப்பட்டதும் ஒரே உருபை அணிந்து அருகருகே நிற்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை யோசிக்க முடியாது. வாலிவதையின் நெருடலே மறைந்து நின்றவன் யார் என்பதுதானே! கம்பன் காட்டும் வாலி, மார்பில் பாய்ந்த அம்பைப் பிடுங்கி, அதில் பொறித்த பெயரைப் படித்துத்தான் எய்தவன் யாரென்று அறிகிறான். கண்ணுக்குத் தெரிந்தது கருவி மட்டும். அந்தக் கருவியே கர்த்தாவைக் காட்டிக்கொடுத்தது.

ஆங்கிலம் இந்த இரண்டையும் பெரும்பாலும் பிரித்தே வைக்கும். செய்தவனுக்கு ‘பை’, கருவிக்கு ‘வித்’. தமிழ் வடமொழியைப் போலவே இரண்டுக்கும் ‘ஆல்’ உருபைக் கொடுக்கிறது. ‘வாளால் வெட்டப்பட்டது’, ‘வீரனால் வெட்டப்பட்டது’. ஆனால் தமிழ் இலக்கணம் அதோடு நிற்கவில்லை. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப்பொருள், கருத்தாப்பொருள் என்று பிரித்துச் சொல்லிவிட்டு, கருத்தாவையும் இரண்டாக்கியது. தானே செய்பவன் இயற்றுதல் கருத்தா. பிறரைக் கொண்டு செய்விப்பவன் ஏவுதல் கருத்தா. ‘சேக்கிழாரால் பெரியபுராணம் இயற்றப்பட்டது’ என்பது முன்னதற்கும், ‘கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது’ என்பது பின்னதற்கும் பள்ளியில் சொல்லும் உதாரணங்கள்.

இந்தப் பாகுபாட்டைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். அது ஒரு தர்ம விசாரணையும்கூட. கல்லணையில் கல் சுமந்தவன் அரசன் சொல்லித்தான் சுமந்தான். இருந்தாலும் இலக்கணம் அவனைக் கடப்பாரையோடும் கூடையோடும் சேர்த்துக் கருவி என்று வைக்கவில்லை. ஏவியவனும் கருத்தா, ஏவியதைக் கேட்டுச் செய்தவனும் கருத்தா. கருவி என்ற பெயர் உயிரும் விருப்பமும் இல்லாத பொருளுக்கு.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பாகுபாடு ஒரு நீதிமன்றத்தில் உயிர்ப் பிரச்சினையாக வந்து நின்றது. நாஜி ஜெர்மனியில் யூதர்களை ரயிலேற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் பணியை ஒழுங்குசெய்த அதிகாரி அடால்ஃப் ஐக்மன். 1960 மே மாதம் அர்ஜென்டினாவில் பிடிபட்டு, 1961-இல் ஜெருசலேமில் விசாரிக்கப்பட்டார். மேல்முறையீடும் தள்ளுபடியான பிறகு, 1962 மே மாத இறுதியில் இஸ்ரேல் குடியரசுத் தலைவருக்குக் கைப்பட ஒரு கருணை மனு எழுதினார். 2016-இல் அது வெளியிடப்பட்டது. பொறுப்பான தலைவர்களுக்கும், அவர்கள் கையில் வெறும் கருவிகளாக இருக்க நேர்ந்த தம்மைப் போன்றவர்களுக்கும் இடையே கோடு கிழிக்க வேண்டும் என்பது அந்த மனுவின் சாரம். தாம் பொறுப்புள்ள தலைவர் இல்லை, ஆகவே தம்மிடம் குற்ற உணர்வும் இல்லை என்றார். தமிழ் இலக்கணத்தின் சொற்களில், அவர் கருத்தாப்பொருளிலிருந்து கருவிப்பொருளுக்கு இடம் மாறக் கேட்டார்.

விசாரணை நீதிமன்றம் அதற்கு முன்பே எழுதியிருந்த தீர்ப்பில் இதற்கு நேர் எதிரான வாசகம் இருக்கிறது. கொலைக் கருவியைக் கையில் பிடித்தவனிடமிருந்து விலகி மேலே போகப் போக, பொறுப்பின் அளவு பொதுவாகக் கூடுகிறது என்றார்கள் நீதிபதிகள். இந்த விசாரணையைப் பற்றி எழுதிய ஹன்னா அரெண்ட் தம் நூலில் இந்த இடத்தை எடுத்துக்காட்டி ஆமோதிக்கிறார். கையால் செய்தவனுக்குப் பொறுப்பு உண்டு, ஏவியவனுக்கு அதைவிட அதிகம். நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் விசாரணைகளின் கோட்பாடுகளை ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 1950-இல் வகுத்தபோதும், நெறிசார்ந்த தேர்வு ஒருவனுக்குச் சாத்தியமாக இருந்திருந்தால், மேலதிகாரியின் உத்தரவு அவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்றே எழுதினார்கள்.

சமய நம்பிக்கையுள்ள ஒருவருக்கு இங்கே ஒரு சங்கடம் எழும், எழவும் வேண்டும். ‘நான் வெறும் கருவி’ என்பது கீதையில் கண்ணன் அர்ஜுனனுக்குச் சொன்னதுதானே? பதினோராம் அத்தியாயத்தின் 33-ஆம் சுலோகம் அவனை நிமித்தமாக மட்டும் இருக்கச் சொல்கிறது. மூன்றாம் அத்தியாயத்தின் 27-ஆம் சுலோகம் செயல்களெல்லாம் இயற்கையின் குணங்களால் செய்யப்படுவதாகச் செயப்பாட்டு வினையிலேயே சொல்லி, அகங்காரத்தால் மயங்கியவன்தான் தன்னைக் கர்த்தா என்று நினைக்கிறான் என்கிறது. பதினெட்டாம் அத்தியாயத்தின் 17-ஆம் சுலோகம் எல்லாவற்றிலும் கடினமானது. அகந்தையும் பற்றும் இல்லாதவன் கொன்றாலும் கொல்வதில்லை என்கிறது. இந்த இடத்தைத் தனியே பிய்த்து ஒரு கொலையாளியின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று அஞ்சாமல் படிப்பவர் அதைச் சரியாகப் படிக்கவில்லை.

பிய்த்தெடுக்காமல் படித்தால், மூன்று சுலோகங்களுக்கு முன்னால் கீதை ஒரு கணக்குக் கொடுத்திருப்பது தெரியும். எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள்: உடலாகிய இடம், கர்த்தா, பல்வகைக் கருவிகள், பலவான முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். கர்த்தா வேறு, கருவி வேறு. இரண்டும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. தான் மட்டுமே கர்த்தா என்று நினைப்பதைத்தான் கீதை தவறு என்கிறது. கர்த்தா என்ற வரியையே கணக்கிலிருந்து அடித்துவிடவில்லை. உபதேசம் முழுவதையும் முடிக்கும் தறுவாயில், 63-ஆம் சுலோகத்தில், கண்ணன் ஒன்று சொல்கிறான். நான் சொன்னதையெல்லாம் நன்றாக ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்கிறான். வில்லிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஏவுபவன் தெய்வமே ஆனாலும், கேட்டுக்கொண்டிருப்பவன் இயற்றுதல் கருத்தாவாகவே மதிக்கப்படுகிறான்.

அப்படியானால் ‘செய்பவன் நான் இல்லை’ என்று ஒருவர் உண்மையாகச் சொல்வது எப்படி இருக்கும்? அதற்கு எழுத்தில் ஒரு சான்று இருக்கிறது. ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் அருகில் அது பிறந்தது.

அந்தப் புத்தகத்தை எழுதிய அலெக்சாண்டர் பெயின் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் 1818-இல் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். அங்கேயே பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1859-இல் உணர்ச்சிகளையும் மனவுறுதியையும் பற்றிப் பெரிய நூல் எழுதினார். மனவுறுதிக்குச் ‘சுதந்திரம்’ என்ற சொல்லே பொருந்தாது என்று வாதிட்டவர் அவர். மனித உடல் தானாக அசையத் தொடங்கி, இன்பதுன்பங்களால் பழகி, அந்தப் பழக்கமே விருப்பச் செயலாக வளர்கிறது என்பது அவர் கொள்கை. 1863-இல் ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்றையும் வெளியிட்டார். பெயின் இலக்கணம் இந்தியப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. மனிதன் தன் செயலுக்குச் சுதந்திரமான கர்த்தாவா என்று ஆராய்ந்தவரே, எழுவாயையும் வினையையும் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதினார்.

1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி மாணவன் வேங்கடராமன், பாடம் படிக்காததற்குத் தண்டனையாகப் பெயின் இலக்கணத்தின் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிக்கொண்டிருந்தான். வயது 16. சில வாரங்களுக்கு முன்புதான் மரண அனுபவம் ஒன்று அவனைப் புரட்டிப்போட்டிருந்தது. இரண்டு முறை எழுதியவன், மூன்றாம் முறை எழுதும்போது நோட்டை ஒதுக்கிவைத்துவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தான். இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் நாகசுவாமி கடிந்துகொண்டார். தம்பிக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. பள்ளியில் சிறப்பு வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்தான். அப்படியானால் பெட்டியில் இருக்கும் ஐந்து ரூபாயை எடுத்துப்போய் என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன். வேங்கடராமன் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயோடு ஒரு கடிதத்தை வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். பின்னாளில் உலகம் அறிந்த ரமண மகரிஷி அவர்தான்.

அந்தக் கடிதத்தை இலக்கண மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். முதல் வாக்கியம் ‘நான்’ என்று தொடங்குகிறது: தன் தகப்பனைத் தேடி, அவர் உத்தரவுப்படி புறப்பட்டுவிட்டதைச் சொல்கிறது. பெற்ற தந்தை சுந்தரமய்யர் 1892-இலேயே இறந்துவிட்டார். இந்தத் தகப்பன் திருவண்ணாமலையில் உறையும் அருணாசலம். அடுத்த வாக்கியத்தில் ‘நான்’ மறைந்து ‘இது’ வருகிறது. இது நல்ல காரியத்தில்தான் இறங்கியிருக்கிறது, இதற்காக யாரும் வருந்த வேண்டாம், இதைத் தேடப் பணம் செலவழிக்க வேண்டாம் என்கிறது. கையெழுத்து போடும் இடத்தில் பெயர் இல்லை, கோடுகள் மட்டும். சில வரிகளுக்குள் எழுவாய் தன்மையிலிருந்து அஃறிணைக்குப் போய், பிறகு இல்லாமலே போய்விடுகிறது. வாக்கியங்களின் வாய்ஸ் மாறவில்லை, எல்லாம் செய்வினைதான். செய்பவன்தான் உள்ளிருந்து கரைகிறான்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரியும் உண்டு. ஆன்மிகச் சிலிர்ப்போடு படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அண்ணனின் கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்ற வரி அது. ‘நான்’ போய்விட்டது, கணக்கு போகவில்லை. எடுத்த பணம் எவ்வளவு என்று அண்ணன் தானே கழித்துப் பார்த்துக்கொள்ளும்படி மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டுத்தான் அந்தப் பையன் போனான். செய்யாமல் விட்ட வேலையையும் மறைக்கவில்லை.

ஐக்மனின் மனுவையும் இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது பலருக்கு உவப்பாக இராது. ஆனாலும் படிக்க வேண்டும். இரண்டும் கையால் எழுதியவை. எழுதியவர்கள் இருவரும் மேலே ஒருவரின் உத்தரவைக் காட்டுகிறார்கள். ஒருவர் ‘நான்’ என்பதைக் காப்பாற்றத் தம் செயலின் கணக்கைக் கைவிட்டார். மற்றவர் கணக்கை வைத்துவிட்டு ‘நான்’ என்பதைக் கைவிட்டார். முன்னவர் தமக்காக ஒன்று கேட்டார். பின்னவர் தமக்காக எதுவும் வேண்டாம், தேடக்கூட வேண்டாம் என்றார். கர்த்தா இல்லாத வாக்கியம் பயத்தில் பிறந்ததா, சரணாகதியில் பிறந்ததா என்பதை அறிய இதைவிட நல்ல உரைகல் கிடைக்காது: அந்த வாக்கியத்தால் யாருக்கு நன்மை, செய்ததற்கான கணக்கு எங்கே?

1928-இல் எழுதிய உள்ளது நாற்பதின் 38-ஆம் பாட்டில் ரமணர் இந்த விஷயத்தைத் தத்துவமாகவே எடுத்துக்கொண்டார். அங்கே அவர் பயன்படுத்துவது ‘வினைமுதல்’ என்ற சொல். தொல்காப்பியம் முதலாக இலக்கண நூல்கள் எழுவாயாகிய கருத்தாவுக்கு வழங்கும் பெயர் அது. பாட்டு ஒரு நிபந்தனையோடு தொடங்குகிறது. வினைமுதல் நாமே என்றால், விளையும் பயனையும் நாமே அனுபவிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான், அந்த வினைமுதல் யார் என்று தேடி அறிந்தால் கர்த்தா என்ற எண்ணம் விலகும், மூன்று வகை வினைகளும் அதோடு கழலும் என்று வருகிறது. வரிசையை மாற்றிப் படிக்க முடியாது. முதல் பாதியின் கடன் தீராமல் இரண்டாம் பாதியின் விடுதலையை எடுத்துக்கொள்ளப் பாட்டில் இடமில்லை.

அவரிடம் வந்தவர்களும் இதையே வேறு விதமாகக் கேட்டார்கள். எல்லாம் விதிப்படி நடக்கிறது என்றால் நான் ஏன் முயல வேண்டும், நான் செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன் என்பார்கள். நியாயமான கேள்வி. 1898-இல் தம்மைத் திரும்ப அழைக்க வந்த தாய் அழகம்மாளுக்கு, நடப்பதும் நடவாததும் அவரவர் பிராரப்தம் என்னும் முன்வினைப்படியே என்று எழுதிக் காட்டியவர் அவரேதான். ஆனால் கேட்டவர்களுக்கு அவர் தந்த பதில், கேட்கும் ‘நான்’ இருக்கும்வரை செயலும் பயனும் அந்த ‘நான்’ உடையதே என்பது. தான் தண்டிக்கப்படக் கூடாது என்று மன்றாடும் ஒருவன், கருவிக்கு இல்லாத ஒன்றைத் தன்னிடம் காட்டிவிடுகிறான். கோடரி கருணை மனு எழுதாது. அந்த மனுவின் முதல் வரியிலேயே வினைமுதல் தன்னை அறிமுகம் செய்துகொண்டுவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை வாக்கியங்களைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றினாலும், ‘யாரால்?’ என்று கேட்க நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு. கேட்பவன் தன் மனசாட்சியிடமும் அதையே கேட்கலாம்.